எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்களா?



இந்த மாதம் ஒரே கேள்வி மூன்று இடங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒரு கடிதம் கிளிநொச்சியிலிருந்து, ஒன்று வவுனியாவிலிருந்து, மற்றது இங்கே தெல்தெனியவுக்கு மேலே ரங்கலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து. எழுதிய சகோதரிகள் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஆனாலும் மூவரும் கேட்டிருப்பது ஒன்றுதான். "வீட்டுக்கு வருகிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், யார் செத்தது, யார் காணாமற்போனது, இரவில் நித்திரை வருகிறதா, நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். பிள்ளையைத் தராசில் நிறுத்துகிறார்கள். விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அடுத்த முறை வந்தால் கதவைச் சாத்தினால் என்ன?"

சாத்தலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு, அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் சாத்துவதற்கு முன்னால் இந்தக் கணக்கெடுப்புகளும் ஆய்வுகளும் எதற்காக நடக்கின்றன, எப்படி நடந்தால் எங்களுக்குப் பிரயோசனம், எப்படி நடந்தால் வெறும் தொந்தரவு என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம். நிறுவனங்களில் களப்பணி செய்யும் சகோதரிகளும் இந்தப் பக்கத்தை வாசிப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் சராசரி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஒருவர் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறார், இன்னொருவர் பட்டினி என்றால், சராசரிக் கணக்கில் இருவரும் அரை வயிறு சாப்பிட்டவர்கள் ஆகிவிடுவார்கள். பட்டினி கிடந்தவர் கணக்கில் காணாமற் போய்விடுவார். இலங்கையின் சுகாதாரக் கணக்குகளில் மலையகத் தோட்ட மக்களுக்கு வெகுகாலம் நடந்தது இதுதான். தாய் சேய் மரணம் குறைந்த நாடு, இலவச வைத்தியம் உள்ள நாடு என்று உலகமெல்லாம் எங்களைப் பாராட்டியது. பாராட்டு பொய்யல்ல. ஆனால் 2006/07இல் நடந்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டுச் சராசரியில் 100க்கு 17 பேர். தோட்டங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 100க்கு 40 பேர். பத்து வருடம் கழித்து 2016இல் மறுபடியும் எண்ணினார்கள். நாட்டுச் சராசரி அதே 17. தோட்டங்களில் 32. குறைந்திருக்கிறது, உண்மை. ஆனாலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பிள்ளை குட்டையாக இருப்பது பரம்பரை, அவர்கள் இனமே அப்படித்தான் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். படித்தவர்களே சொல்வார்கள். அப்படியானால் பத்தே வருடத்தில் 40 எப்படி 32 ஆனது? இனம் பத்து வருடத்தில் மாறாது. தாயின் இரத்தச்சோகை, நிறை குறைந்து பிறக்கும் குழந்தை, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், நெருக்கமான லயத்துக் காம்பரா, பிள்ளைக்காம்பராவில் கிடைக்கும் அல்லது கிடைக்காத சாப்பாடு என்பவைதான் காரணங்கள். எல்லாம் மாற்றக்கூடியவை. தனியாக எண்ணிப் பார்த்ததால்தான் இது வெளியே வந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் கண்டி மாவட்டத்துச் சராசரிக்குள் தோட்டத்துப் பிள்ளைகள் ஒளிந்துபோயிருப்பார்கள்.

"நாட்டுச் சராசரி" என்று எழுதினேன். அதிலும் ஒரு ஓட்டை உண்டு, வடக்கு கிழக்குச் சகோதரிகளுக்கு அது விளங்கும். 1987, 1993 ஆண்டுகளில் நடந்த இதே கணக்கெடுப்புகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07இலும் வட மாகாணம் இல்லை. 2016இல்தான் 25 மாவட்டங்களும் முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டன. குடிசன மதிப்பீடும் இப்படித்தான். 1981க்குப் பிறகு 1991இல் நடக்கவில்லை, 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எடுத்தார்கள், நாடு முழுவதையும் எண்ணியது 2012இல். ஏறத்தாழ முப்பது வருடம் நீங்கள் எத்தனை பேர், எத்தனை தாய்மார், எத்தனை குழந்தைகள் என்பதற்கு ஒழுங்கான கணக்கே கிடையாது. கணக்கில் இல்லாதவர்களுக்கு மருந்தும் மருத்துவிச்சியும் எந்த அளவில் ஒதுக்குவது? யுத்தத்தின் சேதங்களில் இதுவும் ஒன்று. குண்டு விழுந்ததைப் போல இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். யுத்தம் முடிந்த உடனே, 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் மனநலம் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. பதற்ற அறிகுறிகள் உள்ளவர்கள் மொத்தத்தில் 32.6 வீதம், மனச்சோர்வு அறிகுறிகள் உள்ளவர்கள் 22.2 வீதம். அந்த நேரத்தில் இடம்பெயர்ந்து இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பதற்றம் 48.5 வீதம், மனச்சோர்வு 41.8 வீதம். "எனக்கு மட்டும்தான் இப்படி, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று இருட்டில் அழுத ஒருத்திக்கு இந்த எண்களே ஒரு ஆறுதல். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

சரி, எண்ணியாயிற்று. பிறகு? அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இங்கிருந்து நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கம், மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய கதை.

1916ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைக்கு வந்தது. அதற்கு முந்திய வருடம் விக்டர் ஹைசர் என்ற டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர்கள் தேடி வந்தது கொக்கிப்புழுவை. ஈரமண்ணில் இருக்கும் இதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் போய்க் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். வருடக்கணக்கில் குடிக்கும். ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் போவார். தோட்டங்களில் சோதித்துப் பார்த்தபோது தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் புழு இருந்தது.

துரைமார் இதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? இது இந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டுவந்த நோய் என்றார்கள். மருந்து கொடுப்பதற்குச் சம்மதித்தார்கள், ஏனென்றால் இரத்தம் உள்ள தொழிலாளி அதிகம் வேலை செய்வான். ஆனால் புழு மண்ணில் பரவுவது மலத்தினால். மலசலகூடம் இல்லாத லயங்களில் மருந்து குடித்தவர் மறுபடியும் அதே தேயிலை மலையில் வெறுங்காலோடு நடந்தார். மலசலகூடம் கட்டுவது தோட்டத்துக்குச் செலவு. அதற்கு அவ்வளவு சுலபத்தில் கை நீளவில்லை. ஆகவே மருந்து குடித்தவர்களுக்கே புழு திரும்பவும் வந்தது. ஆய்வு சரி, மருந்து சரி. ஆய்வு காட்டிய காரணத்தை மாற்றும் அதிகாரம் வைத்திருந்தவர் அசையவில்லை. மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது என்பதை ராக்ஃபெல்லர்காரரும் பிறகு உணர்ந்தார்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஊர் ஊராகப் போகும் மருத்துவிச்சி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிளினிக் எல்லாம் அங்கிருந்துதான் கிராமங்களுக்குப் பரவின. புழுவுக்காகச் சோதிக்கப்பட்டது தோட்டத்து மக்கள். மருத்துவிச்சி போனது கிராமத்துக்கு. தோட்டத்துச் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று தனியாகவே கிடந்தது. 1990களில் இருந்துதான் தோட்டத்து வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்றும் எல்லாம் வந்து முடியவில்லை. தமிழ் பேசும் மருத்துவிச்சிகளும் போதாது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நானும் கதவைச் சாத்துங்கள் என்றே எழுதியிருப்பேன். 1994இல் வேறொரு ஆய்வின் முடிவு வெளிவந்தது. அத்துக்கோரளயும் அவருடன் வேலை செய்தவர்களும் தோட்டத்துறையில் 195 கர்ப்பிணித் தாய்மாரைக் கொண்டு நடத்தியது. இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசை மட்டும் கொடுத்தால் போதுமா, அல்லது பூச்சிக் குளிசையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தின் நிலை மேலும் நன்றாகிறது என்பது பதில். யோசித்துப் பாருங்கள், கேள்வி எவ்வளவு சின்னது. ஆனால் தாய்மாரின் உண்மையான நிலையிலிருந்து எழுந்த கேள்வி. வயிற்றில் புழு இரத்தம் குடிக்கும்போது மேலேயிருந்து இரும்புச்சத்தை ஊற்றிக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதுபோல.

அந்தக் காலத்திலேயே கர்ப்பிணிகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுக்கும் வழக்கமும் இலங்கையில் வந்தது. கர்ப்பத்தில் கொடுத்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ என்று பயம் இருக்கத்தானே செய்யும்? களனிப் பல்கலைக்கழகத்தின் நிலந்தி டி சில்வாவும் மற்றவர்களும் ஏறத்தாழ 7000 தாய்மாரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். குளிசை எடுத்தவர்களின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. இறந்து பிறந்த அல்லது பிறந்த ஒரு வாரத்துக்குள் இறந்த குழந்தைகள், குளிசை எடுக்காதவர்களில் 3.3 வீதம், எடுத்தவர்களில் 1.9 வீதம். முதல் மூன்று மாதங்களில் எடுக்கக்கூடாது, அதற்குப் பிறகுதான். கிளினிக்கில் நான்காம் மாதம் கடந்த பிறகு உங்கள் கையில் வைக்கப்படும் அந்தக் குளிசையின் பின்னால், எந்தத் தோட்டத்திலோ கையை நீட்டி இரத்தம் கொடுத்த 195 தாய்மாரும் இருக்கிறார்கள். வன்னியில் பிள்ளை பெற்றவளும் அதே குளிசையைத்தான் விழுங்கினாள். மலையகத்துக்கும் வன்னிக்கும் உள்ள தொடர்பு குளிசை அளவில் மட்டும் இல்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1977, 1981, 1983 கலவரங்களில் இந்த மலைகளிலிருந்து உயிர் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகள்தானே உங்களில் சிலர்.

கலவரம் என்றதும் அடுத்த விஷயம் வந்துவிடுகிறது. பெயர் எழுதுவதற்குப் பயம். 1983இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். 2018 மார்ச்சில் இங்கே தெல்தெனிய, திகனப் பக்கத்தில் முஸ்லிம் சகோதரர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததைப் பார்த்தோம். முகாம்களில் எத்தனை தடவை பெயர் பதிந்தோம், எந்தப் பதிவு எதற்கென்று யாருக்காவது தெரிந்ததா? இப்படிப்பட்டவர்களிடம் பேனையோடு வந்து பெயர் கேட்டால் வாய் அடைத்துத்தான் போகும். ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ளாமல் "இந்தச் சனம் ஒத்துழைக்காது" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கைநாட்டுக்குப் பயம் என்பதும் உண்டு. 1980களில் கர்ப்பத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. தோட்டங்களில் எல்.ஆர்.டி. என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில்தான் அதைச் செய்துகொண்ட பெண்களின் வீதம் அதிகம். விரும்பிச் செய்தவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் எல்லோருக்கும் தங்கள் மொழியில் விளங்கும்படி எடுத்துச் சொன்னார்களா, இனிமேல் பிள்ளை பிறக்காது என்று தெரிந்துதான் ஒப்பம் வைத்தார்களா என்ற கேள்வி இன்னும் பல தாய்மாரின் மனதில் இருக்கிறது.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத பயமல்ல இது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, நாற்பது வருடம், ஏறத்தாழ 600 ஏழைக் கறுப்பின ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய். வைத்தியம் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, நோய் தானாக எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே நாட்டில் இன்று சிறுபான்மையினரின் சுகாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஆய்வுகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. 2010இல் அது அந்த நிலைக்கு உயர்த்தப்பட்டது. ஆனாலும் ஆய்வு என்றவுடன் ஒதுங்கும் கறுப்பின மக்கள் இன்னும் உண்டு. நம்பிக்கை போவதற்கு ஒரு ஆய்வு போதும்.

நன்றாக நடத்திய ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியாவில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் ஆதிவாசிகள் அதிகம் வாழும் மூன்று மாவட்டங்கள். ஆஸ்பத்திரி தூரம், பாதை மோசம், பிறந்த குழந்தைகள் ஏராளமாகச் சாகும் இடம். 2005இல் எக்ஜுட் என்ற நிறுவனம் அங்கே ஒரு ஆய்வைத் தொடங்கியது. பிரசாந்த திரிபாதி, நிர்மலா நாயர் என்ற இரு டாக்டர்கள் தொடங்கிய நிறுவனம். அந்த இடத்தை 36 பகுதிகளாகப் பிரித்து, அவற்றில் 18இல் மாதர் குழுக்களைக் கூட்டினார்கள். மொத்தம் 244 குழுக்கள். மாதம் ஒரு கூட்டம். கூட்டத்தை நடத்தியது டாக்டரோ தாதியோ அல்ல. அதே பகுதியைச் சேர்ந்த, அவர்களின் பாஷை பேசுகிற ஒரு பெண். மருந்து கொடுக்கவில்லை, பணம் கொடுக்கவில்லை. படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, போன வருடம் நம் ஊரில் எந்தக் குழந்தை செத்தது, ஏன் செத்தது என்று கேட்டார்கள். பெண்களே பதில் சொன்னார்கள். பிறந்தவுடன் துடைத்து மூடாமல் விட்டது, தொப்புள்கொடியை எதனாலோ அறுத்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வாகனத்துக்குக் காசு இல்லாதது. அதில் எதை முதலில் மாற்றலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். ஒரு குழு அவசரத்துக்கு என்று காசு சேர்த்தது, இன்னொரு குழு சுத்தமான பிரசவப் பையைத் தயார்செய்து வைத்தது.

மூன்று வருடத்தில் குழுக்கள் இருந்த பகுதிகளில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள், குழுக்கள் இல்லாத பகுதிகளை விட 32 வீதம் குறைவு. 2010இல் உலகத்தின் பெரிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் இது வெளியானது. எதிர்பாராத இன்னொன்றும் தெரியவந்தது. மூன்றாவது வருடத்தில் தாய்மாருக்கு வரும் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல், 57 வீதம், குறைந்திருந்தது. மனநோய்க்கென்று யாரும் மருந்து கொடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை கூடியிருந்து பேசியதும், நம்மாலும் ஒன்றைச் செய்ய முடிகிறது என்று கண்டதும்தான் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. மாதர் சங்கம் நடத்தும் சகோதரிகள் இந்த வரியைத் திரும்பவும் வாசியுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குழுக்கள் இல்லாமல் விடப்பட்ட பகுதிகளையும் எக்ஜுட் கைவிடவில்லை. ஆய்வு முடிந்த பிறகு அங்கேயும் குழுக்களைத் தொடங்கினார்கள்.

மாத்தளையையும் ஜார்க்கண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே என்று தெரியும். ஒன்றில் தொழிலாளி சோதனைக்குரிய உடம்பு. மற்றதில் கேள்வியே அந்தப் பெண்களுடையது.

இனி, இப்படிப்பட்ட திட்டங்களை நடத்தும் முகாமையாளர்களுக்கும் களத்துப் பிள்ளைகளுக்கும் நேரே சில வார்த்தை. தோட்டத்துக்கு வருகிற நேரத்தைப் பாருங்கள். காலைப் பிரட்டு முடிந்து மலைக்கு ஏறிய பெண்ணை மறித்து வைத்து ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டால் அவளுக்குக் கொழுந்து குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். உங்கள் படிவத்துக்கு அவள் அரை நாள் சம்பளத்தைக் கொடுக்கிறாள். அந்தச் செலவை உங்கள் திட்டத்தின் வரவுசெலவில் எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா? துரையோ கணக்கப்பிள்ளையோ கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்த பெண் "விருப்பமில்லை" என்று எப்படிச் சொல்லுவாள்? லயத்துக் காம்பராவில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. கணவர் அடிக்கிறாரா என்ற கேள்வியை அங்கே வைத்துக் கேட்பது கேட்காமல் விடுவதைவிட மோசம். தமிழ் தெரிந்தவர் என்று யாரையாவது மொழிபெயர்க்கக் கூட்டி வருகிறார்கள், பெரும்பாலும் தோட்டத்து ஆள் ஒருவரை. மாதவிடாயைப் பற்றி அவர் முன்னால் யார் வாய் திறப்பார்கள்?

யுத்தத்தில் பிள்ளையை இழந்தவளிடம் இறந்தவர் விபரம் கேட்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பு இருக்கிறது. கேள்வி முடிந்து நீங்கள் வானில் ஏறிவிடுவீர்கள். அவள் அன்று இரவு முழுவதும் அதே நினைவோடு இருப்பாள். அவள் அழத் தொடங்கினால் பேனையை வைத்துவிட்டு யார் அவளோடு இருப்பது, எந்த உளநலப் பிரிவுக்கு அனுப்புவது, அடுத்த வாரம் யார் வந்து பார்ப்பது என்பதெல்லாம் முதல் நாளே தீர்மானித்திருக்க வேண்டிய விஷயங்கள். தீர்மானிக்க முடியாவிட்டால் அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கண்டுபிடித்ததை யாரிடம் கொடுப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் அடுத்தடுத்த தோட்டங்களே வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஒன்று கம்பனியினுடையது, ஒன்று ஜனவசமவினுடையது, ஒன்று அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினுடையது. சுகாதார வைத்திய அதிகாரி இன்னொரு பக்கம், பிரதேச சபை வேறொரு பக்கம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவழிக்க முடியாமல் இருந்தது. லயத்துக்குக் குடிதண்ணீர் இல்லை என்று பத்து ஆய்வு எழுதினாலும் "எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை" என்று சொல்லிவிடலாம். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது அந்தச் சாட்டுக்கு இடமில்லை. ஆகவே தோட்டத்தில் ஆய்வு நடத்தும் எவரும் பிரதேச சபைக்காரரையும் சுகாதார வைத்திய அதிகாரியையும் தோட்ட நிர்வாகத்தையும் முடிவு வந்த பிறகு அல்ல, முதல் கூட்டத்திலேயே உட்காரவைக்க வேண்டும். மாத்தளையில் நடந்ததுபோல ஆகக்கூடாது என்றால் வேறு வழியில்லை.

கடிதம் எழுதிய மூன்று சகோதரிகளுக்கும் என் பதில் இதுதான். அடுத்த முறை வருபவர்களை முற்றத்தில் உட்காரவைத்து முதலில் நீங்கள் கேள்வி கேளுங்கள். எந்த நிறுவனம், யாருடைய பணம்? எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதி கொடுத்தது? பேராதனை மருத்துவ பீடத்திலும் யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் அப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. வைத்திய ஆய்வுக்கு வருபவர்கள் இப்படியொரு குழுவின் அனுமதியோடுதான் வர வேண்டும். விபரத்தாளைத் தமிழில் கேளுங்கள். வாசிக்க முடியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். பெயரை எழுதாமல் இலக்கம் மட்டும் போடலாமா என்று கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் கிளினிக்கிலோ நிவாரணத்திலோ ஏதும் குறையுமா என்றும் கேளுங்கள். குறையக்கூடாது. இரத்தம் எடுத்தால் அதன் முடிவை எப்போது, யார் வந்து சொல்வார்கள் என்பதை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். இவ்வளவுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் நல்ல பிள்ளைகள், தேத்தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள். சுளித்தால் கதவு உங்களுடையது.

வந்து போனவர்கள் அரசாங்கத் திணைக்களமோ பல்கலைக்கழகமோ என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதலாம். "இந்த மாதம் எங்கள் கிராமத்தில் அல்லது தோட்டத்தில் நடந்த கணக்கெடுப்பின் முடிவு என்ன, அதன்படி என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று இரண்டு வரி போதும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். தனியாக எழுதப் பயமாக இருந்தால் மாதர் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். எழுதிய சங்கங்கள் கிடைத்த பதிலின் பிரதியை எங்களுக்கும் அனுப்பிவைத்தால் இந்தப் பக்கத்தில் போடுவோம்.

அடுத்த இதழில்: இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் ஏன் பிரயோசனம் இல்லை, எந்த நேரத்தில் எதனோடு எடுக்க வேண்டும்.